டெமரேஜ், டிடென்ஷன், லேடைம், டன்னேஜ்: துறைமுகச் சொற்களில் தடுமாறுகிறவர்களுக்காக ஒரு இழை

#1 ஆவணத்தம்பி

எல்லோருக்கும் வணக்கம். சரக்கு அனுப்பும் முகவர் அலுவலகம் ஒன்றில், ஆவணப் பிரிவில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. முந்தாநாள் ஒரு வாடிக்கையாளர் கன்டெய்னர் பெட்டி ஒன்றைப் பற்றிப் போன் செய்தார். "பெட்டியைத்தான் வெளியே எடுத்துட்டோமே, அப்புறம் எதுக்கு டெமரேஜும் போட்டு டிடென்ஷனும் போட்டிருக்கீங்க? ஒரே தாமதத்துக்கு ரெண்டு தடவை பணமா?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மொத்தச் சரக்குக் கப்பல் (பெட்டியில்லாமல் சரக்கை அப்படியே கொட்டி ஏற்றுவது) பற்றிய ஒரு மின்னஞ்சலில் கப்பலுக்கே டெமரேஜ் என்று இருந்தது. பெட்டிக்குப் போடும் டெமரேஜும் அதுவும் ஒன்றா? எஃப்.ஓ.பி, எஃப்.ஐ.ஓ இரண்டும் ஒன்றுபோலவே தெரிகிறது. கிராஸ் டன் என்றால் எடை இல்லை என்கிறார்கள், அதுவும் புரியவில்லை.

அகராதிகள் பார்த்தேன். படிக்கும்போது புரிகிறது, பில் கையில் வந்ததும் எல்லாம் கலங்கிவிடுகிறது. வேலை தெரிந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 பெட்டிக்கணக்கு

தம்பி, டெர்மினலில் பெட்டி அடுக்கும் திட்டப் பிரிவில் இருக்கிறேன். முதல் கேள்விக்கு மட்டும் இப்போது சொல்கிறேன்.

டெர்மினல் கேட்டை மனதில் ஒரு கோடாக வைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதியில், சரக்கோடு பெட்டி கேட்டுக்கு உள்ளே இலவச நாட்களைத் தாண்டிக் கிடந்தால் டெமரேஜ். கேட்டைத் தாண்டி வெளியே போன பெட்டி, காலியாகத் திரும்பி வர இலவச நாட்களைத் தாண்டினால் டிடென்ஷன். இரண்டும் வேறு வேறு நாட்களுக்கு விழுவது, ஒரே நாளுக்கு இரண்டு முறை அல்ல. உங்கள் வாடிக்கையாளரிடம் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். டெமரேஜுக்கு 5 நாள், டிடென்ஷனுக்கு 5 நாள் இலவசம் என்று வைப்போம். பெட்டி 1ஆம் தேதி இறங்கியது, அன்றிலிருந்தே எண்ணுகிறார்கள். 9ஆம் தேதி வெளியே எடுத்தார்கள். உள்ளே 9 நாள், அதில் 5 கழிய 4 நாள் டெமரேஜ். 10ஆம் தேதியிலிருந்து அடுத்த கடிகாரம். 17ஆம் தேதி காலிப் பெட்டி திரும்பியது. அது 8 நாள், 5 கழிய 3 நாள் டிடென்ஷன். உள்ளே மிச்சம் பிடித்த இலவச நாளை வெளியே சேர்த்துக்கொள்ள முடியாது. இரண்டையும் ஒன்றாக்கி "மொத்தம் 10 நாள்" என்று தருகிற லைன்களும் (கப்பல் கம்பெனிகளும்) உண்டு, அங்கே மட்டும் சேர்ந்துவரும்.

ஏற்றுமதியில் வரிசை தலைகீழ். காலிப் பெட்டியை எடுத்த நாளிலிருந்து டிடென்ஷன் ஓடும். சரக்கு ஏற்றி உள்ளே கொண்டுவந்து விட்டபின், கப்பலில் ஏறும்வரை டெமரேஜ்.

நாள் ஆக ஆகக் கட்டணமும் படிப்படியாக ஏறும். முதல் சில நாளுக்கு ஒரு வீதம், பிறகு அதைவிடக் கூட. அதனால் "ரெண்டு நாள்தானே, பார்த்துக்கலாம்" என்று வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தாதீர்கள்.

#3 கேட்பாஸ்

சுருக்கமா சொன்னா டெமரேஜ் துறைமுகத்துக்கு, டிடென்ஷன் கப்பல் கம்பெனிக்கு. அவ்வளவுதான்.

#4 பெட்டிக்கணக்கு

@கேட்பாஸ், இல்லைங்க, இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பெட்டி லைனுடையது. அது சுற்றாமல் நின்றால் நட்டம் லைனுக்கு. அதனால் லைன் போடும் பில்லில் டெமரேஜ், டிடென்ஷன் இரண்டும் லைனுக்கே போகும். டெர்மினல் தன் தரையைப் பிடித்துக்கொண்டதற்கு வாங்குவது தரை வாடகை, ஸ்டோரேஜ். அது மூன்றாவது கடிகாரம், அதன் இலவச நாளும் தனி. சில இடங்களில் அந்தத் தரை வாடகையையும் டெமரேஜ் என்றே அழைக்கும் பழக்கம் உண்டு, குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம். பில்லின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், தெளிந்துவிடும்.

#5 லேடைம்

கப்பல் வாடகைப் பிரிவில் இருக்கிறேன். தம்பி கேட்ட இரண்டாவது கேள்வி என்னுடையது.

சொல் ஒன்று, ஆள் வேறு. பெட்டி டெமரேஜில் பெட்டி காத்திருக்கிறது. சார்ட்டர், அதாவது கப்பலையே வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தம், அதன் டெமரேஜில் கப்பலே காத்திருக்கிறது. தங்கு, தாமதி என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது இது. பெட்டிகள் பிறப்பதற்கு முன்பே கப்பலுக்கு இருந்த சொல், பிறகு பெட்டிக்கும் இறங்கியது.

முழுக் கப்பலை ஒரு பயணத்துக்கு வாடகைக்கு எடுப்பவருக்கு, சரக்கு ஏற்ற இறக்க இவ்வளவு நேரம் என்று ஒப்பந்தத்தில் எழுதித் தருவார்கள். அதுதான் லேடைம். அதைத் தாண்டினால், முன்கூட்டியே பேசி வைத்த நாள் வீதப்படி கப்பல் உரிமையாளருக்குக் கொடுக்கும் இழப்பீடு டெமரேஜ். அந்த நேரத்துக்குள் முடித்துக் கொடுத்தால் உரிமையாளர் திருப்பித் தருவது டிஸ்பாட்ச். பெரும்பாலும் டெமரேஜ் வீதத்தில் பாதி.

சண்டை எல்லாம் லேடைம் எந்த நிமிடம் ஓட ஆரம்பித்தது என்பதில்தான் வரும். கப்பல் வந்து சேர்ந்து, வேலைக்குத் தயார் என்று மாஸ்டர் (கப்பல் தலைவர்) கொடுக்கும் அறிவிப்பு நோட்டீஸ் ஆஃப் ரெடினஸ், சுருக்கமாக என்.ஓ.ஆர். 1994ஆம் ஆண்டின் ஜென்கான் என்ற பொது வாடகை ஒப்பந்தப் படிவப்படி, பகல் 12 மணிக்குள் கொடுத்தால் 13 மணிக்கு ஓடத் தொடங்கும். 12 மணிக்குப் பிறகு அலுவல் நேரத்தில் கொடுத்தால் அடுத்த வேலை நாள் காலை 6 மணிக்கு. பத்து நிமிடத் தாமதம் அரை நாளுக்கும் மேலான கணக்கை மாற்றிவிடும்.

30,000 டன் சரக்கு, நாளுக்கு 10,000 டன் இறக்க வேண்டும் என்றால் லேடைம் 72 மணி. திங்கள் காலை 10 மணிக்கு என்.ஓ.ஆர், 13 மணிக்குக் கடிகாரம். தடங்கல் இல்லையென்றால் வியாழன் 13 மணிக்கு முடியும். செவ்வாயன்று 6 மணி நேரம் மழையில் வேலை நின்றது. ஒப்பந்தத்தில் "வெதர் ஒர்க்கிங்" என்று இருந்தால் அந்த 6 மணி கழியும், லேடைம் வியாழன் 19 மணிவரை நீளும். வேலை முடிந்ததோ வெள்ளி 19 மணிக்கு. ஒரு நாள் டெமரேஜ்.

வியாழன் இரவு மறுபடி மழை பெய்திருந்தால்? அது கழியாது. "டெமரேஜில் விழுந்தால் விழுந்ததுதான்" என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. லேடைம் தீர்ந்தபின் மழை, ஞாயிறு, விடுமுறை எதுவும் கடிகாரத்தை நிறுத்தாது, ஒப்பந்தத்தில் தனியாக எழுதி வைத்திருந்தாலொழிய. ஷின்க் என்றால் ஞாயிறும் விடுமுறையும் சேர்ந்தே எண்ணப்படும், ஷெக்ஸ் என்றால் அவை நீக்கப்படும். மூன்று எழுத்து வித்தியாசத்தில் இரண்டு நாள் காணாமல் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஸ்டேட்மென்ட் ஆஃப் ஃபேக்ட்ஸ் என்று முகவர் தயாரிக்கும் நிகழ்ச்சிக் குறிப்பு இருக்கிறதே, அதில் மணி, நிமிடம் எல்லாம் வரும். அதை அலட்சியமாக எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். "மழை, வேலை நிறுத்தம்" என்று மட்டும் எழுதுவார்கள். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எல்லா ஹேட்சிலுமா (சரக்கறை வாயிலுமா) ஒன்றிலா என்று இருக்காது. ஆறு மாதம் கழித்து அந்த ஒரு வரியை வைத்துத்தான் இரு தரப்பும் வழக்காடும்.

#6 ஆவணத்தம்பி

அக்கா, (அக்கா என்று கூப்பிடலாமா?) இதை யாரும் எனக்கு இப்படிச் சொல்லித் தரவில்லை. சார்ட்டரிலும் டிடென்ஷன் என்று ஒரு சொல் வருகிறதே?

#7 லேடைம்

அக்கா என்றே கூப்பிடுங்கள். சார்ட்டரில் டிடென்ஷன் என்பது லேடைம் கணக்குக்கு வெளியே கப்பல் காத்துக்கிடந்ததற்கான இழப்பீடு. உதாரணமாக, சரக்கு இறக்கி முடித்தபின் வாடகைக்கு எடுத்தவரின் ஆவணம் வராததால் கப்பல் கிளம்ப முடியாமல் நின்றால் அது. முன்பே பேசிய வீதம் அதற்குக் கிடையாது, உண்மையான நட்டத்தை நிரூபித்து வாங்க வேண்டும். பெட்டி டிடென்ஷனோடு சேர்த்துப் பார்க்காதீர்கள்.

#8 பழையடாலி

தம்பிக்கு வணக்கம். நான் டாலி கிளார்க்கா இருந்து ஓய்வு பெற்றவன். ஜெட்டியில நின்னு ஸ்லிங்குக்கு எத்தனை மூட்டைன்னு எண்ணி நோட்டுல கோடு போடுறதுதான் என் வேலை. நாலு கோடு, குறுக்கே ஒண்ணு, அஞ்சு. இன்னைக்கு ஸ்கேனர் வந்துடுச்சு. ஆனா நீங்க தினம் தொடுற பி.எல், அதாவது பில் ஆஃப் லேடிங், அதுக்கு அடியில அந்தக் கோடுதான் கிடக்குது.

எப்படின்னா, டாலி ஷீட்டைப் பார்த்து கப்பலோட சீஃப் மேட் கையெழுத்துப் போடுறது மேட்ஸ் ரசீது. இத்தனை மூட்டை வந்துச்சு, இதுல இத்தனை கிழிஞ்சது, நனைஞ்சதுன்னு அதுல இருக்கும். அந்த ரசீதை வெச்சுத்தான் பில் ஆஃப் லேடிங் வெளியிடுவாங்க. மேட்ஸ் ரசீதுல குறை ஒண்ணும் எழுதலேன்னா பி.எல் "கிளீன்". எழுதியிருந்தா "கிளாஸ்டு". கிளாஸ்டு பி.எல்லை எடுத்துக்கிட்டு எல்.சி (வாங்குறவருக்காக வங்கி தர்ற பண உறுதிக் கடிதம்) பணம் வாங்க வங்கிக்குப் போனா, வங்கி வாங்காது.

ஒரு தடவை மூட்டைகள்ல ஒரு பகுதி அடியில ஈரம் பட்டு வந்துச்சு. நான் எண்ணி எழுதினேன். சரக்கு அனுப்புறவரோட ஆள் வந்து, "அண்ணே, அந்த ஒரு வரிய எடுத்துடுங்க, நாங்க கப்பல்காரருக்குப் பொறுப்புக் கடிதம் குடுத்துடறோம்"னார். எடுக்க மாட்டேன்னுட்டேன். மேட்டும் எழுதினபடியே கையெழுத்துப் போட்டார். என் கையெழுத்த நம்பித்தான் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் முழுப் பணமும் கட்டுறார். அவர் என்னைப் பார்த்ததில்ல, நான் அவரைப் பார்த்ததில்ல.

#9 லேடைம்

ஐயா சொன்னதை ஒவ்வொரு ஆவணப் பிரிவிலும் எழுதி ஒட்ட வேண்டும். அந்தப் பொறுப்புக் கடிதம், லெட்டர் ஆஃப் இண்டெம்னிட்டி, பற்றி ஒரு சேர்க்கை. குறை தெரிந்தும் கிளீன் பி.எல் வெளியிடுவது வாங்குபவரை ஏமாற்றுவது. அதற்குக் கைமாறாகத் தரப்படும் கடிதத்தை நீதிமன்றம் செல்லுபடியாக்காது, கப்பல் உரிமையாளரின் பி அண்ட் ஐ என்ற பொறுப்புக் காப்பீடும் அந்த நட்டத்துக்குக் கை கொடுக்காது. கடிதம் கையில் இருக்கும், பயன் இருக்காது.

தம்பி, பி.எல் மூன்று வேலை செய்கிறது. சரக்கு வாங்கிக்கொண்டதற்கு ரசீது. கொண்டுசேர்க்கும் ஒப்பந்தத்துக்குச் சான்று. அசலைக் கையில் வைத்திருப்பவருக்கே சரக்கு என்ற உரிமைப் பத்திரம். மூன்றாவதுதான் உயிர். வழக்கமாக மூன்று அசல்கள் தருவார்கள். ஒன்றைக் கொடுத்துச் சரக்கை எடுத்ததும் மற்ற இரண்டும் செல்லாது. ஸீ வேபில் என்பதில் முதல் இரண்டு வேலைதான் உண்டு, உரிமைப் பத்திரம் கிடையாது. அதனால்தான் அசல் காகிதம் இல்லாமலே, பெயருள்ளவருக்குச் சரக்கைக் கொடுக்க முடிகிறது. டெலெக்ஸ் ரிலீஸ் என்றால், அசல்களை ஏற்றிய துறைமுகத்திலேயே திருப்பி ஒப்படைத்துவிட்டார்கள், அங்கே கொடுத்துவிடலாம் என்று இங்கிருந்து அனுப்பும் செய்தி. டெலெக்ஸ் இயந்திரம் போய்விட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

#10 ஆவணத்தம்பி

பெட்டிச் சரக்கின் பி.எல்லில் எப்போதும் "செட் டு கன்டெய்ன்" என்று போடுகிறோம். பழையடாலி ஐயா மூட்டை எண்ணி எழுதியதோடு இது எப்படிப் பொருந்தும்?

#11 பெட்டிக்கணக்கு

பொருந்தாது, அதனால்தான் அந்தச் சொற்றொடரே பிறந்தது. எஃப்.சி.எல் என்றால் சரக்குக்காரரே தன் இடத்தில் பெட்டியை நிரப்பி சீல் வைத்துக் கொடுக்கிறார். உள்ளே என்ன, எத்தனை என்று லைன் பார்க்கவில்லை. "உள்ளே இன்னது இருப்பதாகச் சொல்லப்பட்டது" என்று எழுதித் தன் பொறுப்பைக் கழற்றிக்கொள்கிறது. எல்.சி.எல்லில் பலருடைய சிறு சரக்குகள் சி.எஃப்.எஸ் கிடங்கில் ஒரே பெட்டியில் சேரும். அங்கே எண்ணிக்கை உண்டு. ஆகவே எஃப்.சி.எல்லில் சீல் எண்தான் எல்லாம். சீல் எண் ஆவணத்தில் ஒன்று, கதவில் ஒன்று என்றால் நட்டம் யாருடையது என்ற வாதம் அங்கேயே தொடங்கிவிடும்.

பெட்டி எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஆவணத் தவறுகளில் பெரும்பகுதி அதில்தான். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் கட்டத்துக்குள் ஓர் இலக்கம். அந்தக் கடைசி எண் சரிபார்ப்பு இலக்கம், ஐ.எஸ்.ஓ 6346 தரப்படி கணக்கிட்டு வருவது. ஆங்கில எழுத்துகளுக்கு 10இலிருந்து மதிப்பு கொடுத்து, 11, 22, 33 ஆகிய மூன்றையும் தாண்டிப் போவார்கள். பிறகு இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று 512 வரை பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்த மீதிதான் அந்த இலக்கம். மீதி 10 வந்தால் 0. சி, எஸ், க்யூ, யு என்ற எழுத்துகளோடு 305438 என்ற எண்ணுக்குக் கூட்டுத்தொகை 6185, மீதி 3. ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். அதன்பிறகு ஒரு இலக்கத்தை மாற்றித் தட்டச்சு செய்தால் கணினி ஏன் சிவப்பு காட்டுகிறது என்று புரியும்.

#12 ஹேட்ச்நான்கு

மொத்தச் சரக்குக் கப்பலில் சீஃப் ஆஃபீசராக இருக்கிறேன். கரைக்கு வந்த நேரத்தில் இந்த இழையைப் படித்தேன். டன் பற்றிக் கேட்டீர்கள்.

கிராஸ் டன்னேஜ் எடை அல்ல, கப்பலின் மூடிய இடத்தின் கொள்ளளவை ஒரு சூத்திரத்தில் போட்டு எடுக்கும் எண். கப்பல் கொள்ளளவை அளப்பது பற்றிய 1969 சர்வதேச மாநாட்டின் விதிப்படி கணக்கிடுவது. துறைமுகக் கட்டணம், எத்தனை பணியாளர் வேண்டும், எந்தச் சட்டம் பொருந்தும் என்பதெல்லாம் அதை வைத்து. டெட்வெயிட் என்பது நிஜ எடை. சரக்கு, எரிபொருள், நீர், சாமான், ஆட்கள் எல்லாம் சேர்த்துக் கப்பல் சுமக்கக்கூடியது. "50,000 டெட்வெயிட் கப்பல், 50,000 டன் ஏற்று" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்: எரிபொருளும் தண்ணீரும் அந்த 50,000க்குள்தான் அடங்கும். டன்னேஜ் என்ற சொல்லின் வேர் ஒயின் பீப்பாய். எத்தனை பீப்பாய் கொள்ளும் என்று கப்பலை அளந்தார்கள். இடமும் எடையும் ஒரே சொல்லுக்குள் மாட்டிக்கொண்ட கதை அது.

இன்னொன்றும் பாருங்கள், நம் எழுத்தில் இது கூடுதல் சிக்கல். சரக்குக்கு அடியிலும் இடையிலும் கொடுக்கும் மரச்சட்டம், பலகை, பாய் இவற்றை டன்னேஜ் என்போம். கப்பலின் கொள்ளளவும் தமிழில் எழுதினால் டன்னேஜ்தான். ஆங்கிலத்தில் முதல் எழுத்தே வேறு, நமக்கு ஒரே "ட". குறிப்பேட்டில் "டன்னேஜ் போதவில்லை" என்று எழுதியதை, கப்பலில் இடமில்லை என்று வாசித்து அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார் ஒருவர். கேட்டது பலகை. நான் இப்போதெல்லாம் மரத்துக்கு "அடிமரம்" என்று எழுதுகிறேன்.

அடுத்து ஸ்டோவேஜ் ஃபேக்டர். ஒரு டன் சரக்கு எத்தனை கன மீட்டர் பிடிக்கும் என்ற எண். இரும்புத் தாது அரை கன மீட்டருக்கும் குறைவு, கோதுமை சுமார் 1.3. தாது ஏற்றினால் ஹோல்டு (சரக்கறை) முக்கால் காலியாகத் தெரியும், கப்பலோ சுமைக்கோடு வரை அமிழ்ந்திருக்கும். "இவ்வளவு இடம் இருக்கே, இன்னும் போடுங்க" என்று கரையிலிருந்து சொல்வார்கள்.

அந்தச் சுமைக்கோடு சும்மா வந்ததில்லை. அளவுக்கு மீறி ஏற்றி மூழ்கிய கப்பல்களுக்காகச் சாமுவேல் பிளிம்சால் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடி, 1876இல் சட்டமாயிற்று. இன்றும் அது பிளிம்சால் கோடுதான். பக்கத்தில் கோடைக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று என்று பல கோடுகள். நன்னீரில் கப்பல் சற்றுக் கூடுதலாக அமிழும், கடலுக்குப் போனதும் எழும்.

டிராஃப்ட் சர்வே இதே தத்துவம். முன், நடு, பின் என்று இரு பக்கமும் ஆறு இடத்தில் நீர்மட்டம் படித்து, இடம்பெயர்ந்த நீரின் எடையிலிருந்து சரக்கின் எடையைக் கணக்கிடுவது. ஹைட்ரோமீட்டரில் நீரின் அடர்த்தி பார்க்காமல் "கடல் நீர்தானே, 1.025 போடு" என்றால் என்ன ஆகும்? உண்மையில் 1.015 என்று வைப்போம். 40,000 டன் இடப்பெயர்ச்சியில் சுமார் 390 டன் வித்தியாசம் வரும். ஆற்று முகத்துவாரத்துத் துறைமுகங்களில் கடல் ஓதத்தின் ஏற்ற வற்றத்தோடு அடர்த்தியும் மாறும். சர்வேயர் வாளியில் நீர் அள்ளுவதை அவசரப்படுத்தாதீர்கள்.

#13 ஹேட்ச்நான்கு

முந்தைய பதிவில் ஒரு சொல்லை விட்டுவிட்டேன், விடக்கூடாத சொல். டி.எம்.எல். சரக்கைக் கப்பலில் ஏற்றிப் போகத்தக்க ஈரப்பத உச்சவரம்பு.

நுண்துகளாக இருக்கும் தாது ஈரத்தோடு ஹோல்டில் விழுகிறது. பார்க்கக் காய்ந்த மண்போல இருக்கும். கடலில் கப்பல் ஆட ஆட, துகள்களுக்கு இடையில் உள்ள நீர் அழுத்தம் கூடி, குவியல் குழம்பாகிறது. ஒரு பக்கம் சரிந்தால் திரும்பி வராது. கப்பல் சாய்கிறது. இந்த வகைச் சரக்குகளை, மொத்தமாக ஏற்றும் திடச் சரக்குகளுக்கான ஐ.எம்.எஸ்.பி.சி விதித்தொகுப்பு "ஏ" பிரிவு என்கிறது. வேதியியல் ஆபத்துள்ளது "பி", இரண்டும் இல்லாதது "சி".

2015 ஜனவரி 2ஆம் தேதி பல்க் ஜூப்பிட்டர் என்ற கப்பல் மலேசியாவின் குவாந்தானிலிருந்து பாக்சைட் ஏற்றிச் செல்லும்போது வியட்நாமுக்கு அப்பால் மூழ்கியது. 19 பேரில் ஒருவர் மட்டும் பிழைத்தார், கப்பலின் சமையல்காரர். பாக்சைட் அன்று "சி" பிரிவில், ஈரம் 10 விழுக்காட்டுக்குள் என்ற நிபந்தனையோடு இருந்தது. ஏற்றப்பட்டதில் அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஏற்றும் நாட்களில் கனமழை.

ஆவணப் பிரிவில் இருக்கும் தம்பி, அக்காவிடம் கெஞ்சிக் கேட்கிறேன். ஈரப்பதச் சான்றிதழை வெறும் இணைப்புக் காகிதமாகப் பார்க்காதீர்கள். மாதிரி எடுத்த தேதி, ஏற்றிய தேதி இரண்டையும் பாருங்கள். நடுவில் மழை பெய்ததா என்று கேளுங்கள். அந்தக் காகிதத்தை நம்பித்தான் நாங்கள் ஹேட்சை மூடிக்கொண்டு கிளம்புகிறோம்.

#14 பெட்டிக்கணக்கு

இதைப் படித்தபின் டி.ஈ.யு பற்றி எழுதக் கை தயங்குகிறது, ஆனாலும் அதிலும் எடைதான் விஷயம்.

டி.ஈ.யு என்பது 20 அடிப் பெட்டி ஒன்றின் இடம். 40 அடி என்றால் இரண்டு டி.ஈ.யு. இட அளவுதான், எடை இல்லை. 20 அடிக்கும் 40 அடிக்கும் மொத்த எடை வரம்பு பல பெட்டிகளில் ஒரே 30,480 கிலோதான், கதவில் பொறித்திருக்கும். அதனால் கனமான சரக்கு 20 அடியில் போகும், பஞ்சு மாதிரி இடம் பிடிக்கிற சரக்கு 40 அடியில் போகும்.

2007 ஜனவரியில் எம்.எஸ்.சி நேப்போலி ஆங்கிலக் கால்வாயில் உடலில் விரிசல் கண்டு, கரையோரம் கொண்டுவந்து தரைதட்ட வைக்கப்பட்டது. மேல்தளத்துப் பெட்டிகளை எடை போட்டுப் பார்த்தபோது ஐந்தில் ஒரு பங்கு, அறிவித்த எடையிலிருந்து 3 டன்னுக்கு மேல் மாறியிருந்தது. 2016 ஜூலை 1 முதல், கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கைப்படி, சரிபார்த்த மொத்த எடை, வி.ஜி.எம், இல்லாமல் பெட்டியைக் கப்பலில் ஏற்றக்கூடாது. நிரப்பிய பெட்டியை அப்படியே எடை போடலாம். அல்லது உள்ளே போகிற ஒவ்வொன்றையும் எடை போட்டுக் காலிப் பெட்டியின் எடையோடு கூட்டலாம். "போன தடவை போட்டதையே போடுங்க" என்று வாடிக்கையாளர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். என் திட்டத்தில் கனமான பெட்டி கீழே, லேசானது மேலே. நீங்கள் தரும் எண் பொய்யென்றால் என் அடுக்கும் பொய்.

#15 சொல்லாய்வு

இத்தனை விளக்கமும் தமிழில், சொற்கள் மட்டும் இரவலா? சரக்குச் சீட்டு, தாமதக் கட்டணம் என்று எழுதலாமே. கட்டுமரத்தை உலகத்துக்கே கொடுத்த மொழி இது. மலாய்க்காரர்கள் இன்றும் கப்பலைக் "கப்பால்" என்கிறார்கள்.

#16 பழையடாலி

நல்ல ஆசைங்க, எனக்கும் உண்டு. ஆனா தாமதக் கட்டணம்னு எழுதினா டெமரேஜா, டிடென்ஷனா, தரை வாடகையா? மூணும் தாமதத்துக்குத்தானே. பில்லுல அந்த வித்தியாசம்தான் பணம். ஜெட்டியில நாங்க கன்டெய்னரைப் "பெட்டி"ன்னோம், அது நின்னுடுச்சு, ஏன்னா ஒரே பொருள்தான் அதுக்கு. 1956 ஏப்ரல்ல மால்கம் மெக்லீன் ஐடியல் எக்ஸ் கப்பல்ல 58 பெட்டி ஏத்தி நியூவார்க்குல இருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினாரே, அதுக்கப்புறம் வந்த பொருளுக்கே நமக்குச் சொல் கிடைச்சிருச்சு. சரக்கு ஏத்தி இறக்குற ஸ்டீவடோர்ங்கற சொல்லும் இங்கிலீஷ்காரருக்கு ஸ்பானிஷ்ல இருந்து வந்த இரவல்தான். பொருள் சிதையாத தமிழ்ச்சொல் வந்தா முதல் ஆளா நான் எழுதுவேன்.

#17 சொல்லாய்வு

ஐயா சொல்வது நியாயம். அப்படியானால் பெட்டித் தங்கல், பெட்டிப் பிடிப்பு, தரை வாடகை என்று மூன்றாகப் பிரித்தால்? ஹேட்ச்நான்கு சொன்ன "அடிமரம்" எனக்குப் பிடித்திருக்கிறது.

#18 ஆவணத்தம்பி

எஃப்.ஓ.பி, எஃப்.ஐ.ஓ யாரும் தொடவில்லையே?

#19 லேடைம்

எஃப்.ஓ.பி (ஃப்ரீ ஆன் போர்ட்) விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான பேச்சு, இன்கோடெர்ம்ஸ் என்ற சர்வதேச விற்பனை விதிகளில் ஒன்று. சரக்கு கப்பலில் ஏறியதும் ஆபத்து வாங்குபவருக்கு மாறும். முன்பு கப்பலின் பக்கச்சுவரைத் தாண்டியதும் என்று இருந்தது, 2010 பதிப்பில் மாற்றினார்கள். எஃப்.ஐ.ஓ (ஃப்ரீ இன் அண்ட் அவுட்) கப்பலுக்கும் அதை வாடகைக்கு எடுத்தவருக்கும் இடையிலான பேச்சு. "ஃப்ரீ" என்றால் கப்பல் உரிமையாளருக்குச் செலவில்லை என்று பொருள். ஏற்றும் கூலி, இறக்கும் கூலி சரக்குத் தரப்பின் தலையில். லைனர் டெர்ம்ஸ் என்றால் அந்தக் கூலி வாடகைக்குள் அடங்கும். "ஃப்ரீ" என்ற சொல்லைப் பார்த்ததும் யாருக்கு என்று கேளுங்கள்.

பெட்டிச் சரக்குக்கு எஃப்.ஓ.பி எழுதுவது பழக்கம், ஆனால் பொருந்தாது. விற்பவர் டெர்மினலில் பெட்டியை விட்டுவிட்டுப் போய்விடுகிறார், ஏற்றும்வரை சில நாள் ஆகலாம், அதுவரை ஆபத்து அவருடையது, பெட்டியோ அவர் கையில் இல்லை. எஃப்.சி.ஏ, அதாவது சரக்கைக் கொண்டுசெல்பவரிடம் ஒப்படைத்ததுமே ஆபத்து மாறும் விதி, அதற்காகத்தான்.

#20 சிறுஇறக்குமதி

படித்துக்கொண்டே வந்தேன், ஒரு கேள்வி. நான் சிறிய இறக்குமதியாளர். கப்பலில் தீப்பிடித்தது, என் பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் ஜெனரல் ஆவரேஜ் என்று சொல்லிப் பணம் கட்டினால்தான் பெட்டி என்கிறார்கள். இது நியாயமா?

#21 லேடைம்

கேட்கும்போது அநியாயமாகத் தெரியும், ஆனால் கடல் வணிகத்தின் மிகப் பழைய அறம் இது. பண்டைய ரோட்ஸ் தீவின் பெயரால் வழங்கும் கடல் சட்டத்திலேயே உண்டு. எல்லோரையும் காப்பாற்ற ஒருவரின் சரக்கைக் கடலில் எறிந்தால், பிழைத்த எல்லோரும் அந்த நட்டத்தைப் பங்கிட வேண்டும். இன்று யார்க்–ஆன்ட்வெர்ப் விதிகளின்படி கணக்கிடுகிறார்கள். கப்பலின் மதிப்பு 60, சரக்கெல்லாம் சேர்ந்து 40, தியாகம் செய்தது 5 என்றால் ஒவ்வொருவரும் தன் மதிப்பில் 5 விழுக்காடு. சரக்கை இழந்தவருக்கும் அதே பங்கு உண்டு, மீதி அவருக்கு வந்து சேரும். தீயால் எரிந்தது இதில் சேராது, தீயை அணைக்க ஊற்றிய நீரால் கெட்டது சேரும். 2021 மார்ச்சில் எவர் கிவன் சூயஸில் ஆறு நாள் சிக்கியபோதும் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்தார்கள். ஒரு கீறலும் படாத பெட்டிகளுக்கும் பங்கு வந்தது.

சரக்குக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால் இன்றே காப்பீட்டாளரிடம் சொல்லுங்கள். அவர் உறுதிக் கடிதம் கொடுப்பார், நீங்கள் ஆவரேஜ் பாண்டில் (பங்கைக் கட்ட ஒப்புக்கொள்ளும் பத்திரத்தில்) கையெழுத்திட்டால் போதும். இல்லையென்றால் ரொக்க வைப்பு கேட்பார்கள், இறுதிக் கணக்கு முடிய ஆண்டுகளும் ஆகும்.

#22 சிறுஇறக்குமதி

எடுத்திருக்கிறேன். பாலிசியைத் தேடி எடுத்துவிட்டேன், இப்போதே கூப்பிடுகிறேன். நன்றி அம்மா.

#23 ஆவணத்தம்பி

இன்று காலை அந்த வாடிக்கையாளரை நானே கூப்பிட்டேன். கேட் கோடு, மூன்று கடிகாரம் எல்லாம் சொன்னேன். தேதி தேதியாக எண்ணிப் பார்த்தார். கடைசியில், பெட்டி திரும்பிய தேதி பில்லில் 17 என்றும் அவர் கையில் இருக்கும் காலிப் பெட்டி ஒப்படைப்புச் சீட்டில் 16 என்றும் இருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரு நாள் கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள். லைனுக்கு எழுதப் போகிறேன். என்ன இணைக்க வேண்டும்?

#24 பெட்டிக்கணக்கு

அந்த ஒப்படைப்புச் சீட்டு, இ.ஐ.ஆர், போதும். அதில் கேட் முத்திரையும் நேரமும் தெளிவாகத் தெரிகிற மாதிரி நகல் எடுங்கள். பெட்டி எண்ணின் சரிபார்ப்பு இலக்கத்தையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.